மார்க்கெட் ‘டல்’ என்றால் என்ன? வீடு விற்க நினைப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

“மார்க்கெட் டல்லா இருக்கு சார்.” புரோக்கர் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். விற்க வந்தவர், விலை விழுந்துவிட்டது என்று பதறுகிறார். வாங்க வந்தவர், அடிமாட்டு விலைக்குக் கேட்கலாம் என்று கணக்குப் போடுகிறார். கூட வந்த மாமா, “ஆறு மாசம் பொறு, சரியாயிடும்” என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே, உண்மையில் எது மந்தமாகிறது என்பதைத் தவறவிடுகிறார்கள்.

சென்னையிலோ அதன் புறநகரிலோ பழைய ஃப்ளாட் ஒன்றை விற்க நினைப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனி வீட்டுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

தக்காளியும் வீடும்

கோயம்பேட்டில் காலையில் லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்குகிறது. அன்று வாங்க ஆளில்லை என்றால் என்ன ஆகும்? மதியத்துக்குள் விலை பாதியாகும், சாயங்காலம் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். காரணம், நாளைக்கு வைத்திருந்தால் அழுகிவிடும். தேவை குறைந்தவுடன் விலை இறங்கிவிடுகிறது. சரக்கு எப்படியோ விற்றுப்போகிறது.

வீடு அழுகாது. வாங்க ஆள் வராவிட்டால் வீட்டுக்காரர் பூட்டிவைக்கிறார், அல்லது வாடகைக்கு விடுகிறார், அல்லது “என் விலை வரட்டும்” என்று உட்கார்ந்திருக்கிறார். அதனால் தேவை குறையும்போது முதலில் குறைவது விலையல்ல, விற்பனையின் எண்ணிக்கை. மூன்று மாதத்தில் விற்றுக்கொண்டிருந்த வீடு ஒன்பது மாதம் எடுக்கும். அந்த ஒன்பது மாதமும் விளம்பரத்தில் பழைய விலையே இருக்கும். விலை பிறகுதான், மெதுவாக, அதுவும் முதலில் பணத்தேவை உள்ளவர்களின் வீடுகளில் மட்டும், இறங்கும்.

இதுதான் சந்தை மந்தம். வீட்டின் மதிப்பு காணாமல் போய்விடவில்லை; அந்த மதிப்பைப் பணமாக மாற்ற ஆகும் காலம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஆடி மந்தம் வேறு

இங்கே ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் கிரயம் குறைவு. வீடு பார்ப்பார்கள், பேசுவார்கள், “ஆவணி பிறக்கட்டும்” என்று தள்ளிப்போடுவார்கள். தை பிறந்ததும் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நெரியும். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. இது பருவகால மந்தம். நாள்காட்டி பார்த்தே முடிவு தெரியும்.

தை போய், சித்திரை போய், ஆவணியும் வந்தபின் இன்னும் போன் வரவில்லை என்றால்தான் அது நாம் பேசும் மந்தம். ஆடியில் ஆள் வரவில்லை என்பதற்காக விலையைக் குறைப்பது வீண் அவசரம்.

மந்தத்தை அளக்க ஒரு அளவுகோல்

உங்கள் பகுதியில், உங்கள் வீட்டைப் போன்ற இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுகள் 30 விற்பனைக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஐந்து விற்கின்றன. புதிதாக ஒன்றும் வராவிட்டால் எல்லாம் தீர ஆறு மாதம் ஆகும். இதைக் கையிருப்பு மாதங்கள் என்று சொல்லலாம்: விற்பனைக்கு இருப்பதை, மாதம் விற்பதால் வகுத்தால் வருவது.

விற்பனை மாதம் இரண்டாகக் குறைந்தால் அதே 30 வீட்டுக்குப் பதினைந்து மாதம். விலை அப்படியே இருக்க, வரிசை மட்டும் நீண்டுவிட்டது. ரேஷன் கடை வரிசையாவது வந்த நேரப்படி நகரும். இந்த வரிசையில் அப்படி முறை கிடையாது. மாதம் வரும் இரண்டு பேர் முப்பதையும் பார்த்து, விலைக்கு ஏற்ற, காகிதம் சுத்தமாக உள்ள, தண்ணீர் வரும் இரண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆறாவது இடத்திலுள்ள நல்ல வீடு அடுத்த மாதமும் ஆறாவதாகவே இருக்கலாம்.

இந்தக் கணக்குக்குத் துல்லியமான புள்ளிவிவரம் தேவையில்லை. சொத்து விளம்பரத் தளங்களில் உங்கள் பகுதியை மட்டும் வடிகட்டி எண்ணுங்கள். ஒரே வீட்டை நான்கு புரோக்கர்கள் போட்டிருப்பார்கள், அதைக் கழித்துவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று உள்ளூர் புரோக்கர்களிடம், “போன மூணு மாசத்துல இங்க எத்தனை கிரயம் முடிச்சீங்க?” என்று கேளுங்கள். “என்ன விலை போகுது?” என்று கேட்டால் கதை சொல்வார்கள். எத்தனை முடிந்தது என்று கேட்டால் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மந்தம் என்பது முதலில் காலத்தைப் பற்றியது, பிறகுதான் விலையைப் பற்றியது. அதை ஊர்ப் பேச்சைக் கேட்டு முடிவுகட்டாமல், உங்கள் பகுதியின் கையிருப்பு மாதங்களை வைத்துப் பார்க்க வேண்டும்.

வாங்குபவர் எங்கே போனார்?

ஆசை குறைந்ததால் அவர் போகவில்லை. பெரும்பாலும் கணக்கு இடித்ததால் போனார்.

50 லட்சம் கடன், 20 வருடம், 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 38,765 ரூபாய். வட்டி 8.5 சதவீதம் ஆனால் அதே கடனுக்கு 43,391. அதே 38,765-ஐத்தான் கட்ட முடியும் என்றிருப்பவருக்கு இப்போது கிடைக்கும் கடன் சுமார் 44.7 லட்சம். அவர் சம்பளம் குறையவில்லை, உங்கள் வீடும் மாறவில்லை, ஆனால் அவர் கையில் இருந்த வாங்கும் சக்தியில் ஐந்து லட்சத்துக்கு மேல் கரைந்துவிட்டது. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. அப்போது பல குடும்பங்களில் நடந்தது இதுதான்.

அடுத்தது கைப்பணம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு அதிகபட்சம் 64 லட்சம். மீதி 16 லட்சம் அவர் கையிலிருந்து வர வேண்டும். அதோடு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 7.2 லட்சம். மொத்தம் 23.2 லட்சம்.

இதற்குமேல் ஒரு சங்கடம் இருக்கிறது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் உங்கள் வீட்டை 80 என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மந்தமான காலத்தில் அவர்கள் கை இறுக்கமாகவே எழுதுவார்கள். அவர் 72 லட்சம் என்று எழுதினால் கடன் 57.6 லட்சமாகச் சுருங்கும். வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டியது 29.6 லட்சமாக ஏறும். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவர் மூன்றாவது வாரத்தில் போன் எடுக்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். அவரைத் திட்டிப் பயனில்லை.

சில நேரம் மந்தம் சட்டத்திலிருந்தும் வரும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டே மாதத்தில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்குத் தான் வைக்கும் மதிப்பை, 33 சதவீதம் குறைத்து, கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏற்றியது. அடுத்த மாதமே ஜிஎஸ்டி வந்தது. இவற்றில் எதுவும் யாருடைய வீட்டையும் இடிக்கவில்லை. ஆனாலும் “எல்லாம் தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று வாங்குபவர்கள் நின்றுவிட்டார்கள். தெளிவில்லாத காலத்தில் அப்படி நிற்பதுதான் அவர்களுக்குப் புத்திசாலித்தனம்.

ஒரே வீட்டுக்கு மூன்று விலை

‘வீட்டு விலை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு எண்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, சொல்லும் விலை. விளம்பரத்தில் இருப்பது இதுதான். இது விற்பவரின் ஆசை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எதிர் பிளாக்கில் 85 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள் என்பதால் உங்கள் வீடு 85 லட்சம் ஆகிவிடாது. அது ஒரு வருடமாக விற்காமல் தொங்கிக்கொண்டிருக்கும் 85 ஆக இருக்கலாம்.

இரண்டாவது, படியும் விலை. பேரம் முடிந்து, பணம் உண்மையில் கைமாறும் விலை. நல்ல காலத்தில் இவ்விரண்டுக்கும் இடைவெளி சின்னது, மந்தத்தில் பெரிது. விளம்பரங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு விலை குறையவே இல்லை என்று தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது, வழிகாட்டி மதிப்பு: பத்திரப் பதிவுக்காக அரசு தெருவாரியாக நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பு. இதற்கும் சந்தைக்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் உங்கள் விலைக்கு இது ஒரு தரை மாதிரி. வழிகாட்டி மதிப்பு 80 லட்சம் இருக்கும்போது, அவசரத்துக்கு 70-க்கு விற்றீர்கள் என்று வையுங்கள். அரசு மதிப்பு உங்கள் விற்பனைத் தொகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்பதால், வருமான வரித்துறை நீங்கள் 80-க்கு விற்றதாகவே வைத்து லாபத்தைக் கணக்கிடும். வாங்கியவருக்கோ அந்த 10 லட்சம் வருமானம் என்று கருதப்பட்டு வரி வரும். முத்திரைத் தீர்வையும் 80-க்குத்தான். இதை ஆட்சேபித்து மதிப்பீட்டு அலுவலரிடம் அனுப்பக் கேட்கலாம் என்றாலும், விவரம் தெரிந்த வாங்குபவர் அந்த வம்புக்கே வரமாட்டார். ஆகவே விலை குறைக்கும் முன் இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

படியும் விலையை எப்படித் தெரிந்துகொள்வது? பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். ஒரு சொத்தின் மீது நடந்த பதிவுகளின் பட்டியல் அது, பேச்சில் ஈசி. ஒவ்வொரு கிரயத்துக்கும் நேரே கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் அடுக்ககத்தின் சர்வே எண்ணைப் போட்டுத் தேடினால், பக்கத்து வீடுகள் எப்போது, எவ்வளவுக்குக் கைமாறின என்று தெரியும். நம் ஊரில் பத்திரத்தில் எழுதும் தொகை முழு உண்மை என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் எத்தனை கிரயம் நடந்தது என்ற எண்ணிக்கையில் யாரும் பொய் சொல்ல முடியாது.

நம் மனசு செய்யும் வேலை

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மையத்தில் 1990-களில் அடுக்குமாடி வீடுகளின் விலை சரிந்திருந்த காலத்தை டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 2001-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரே மாதிரியான இரண்டு வீடுகள். ஒருவர் குறைந்த விலைக்கு வாங்கியவர், இன்னொருவர் உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர். இரண்டாமவர், இன்று எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் தான் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியில் 25 முதல் 35 சதவீதம் வரை தன் சொல்லும் விலையில் ஏற்றிவைத்தார். அதனால் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் விலையும் கிடைத்தது. ஆனால் வீடு விற்க அதிக காலம் பிடித்தது.

வாங்குபவருக்கோ நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. மாடுலர் கிச்சனுக்கு நான்கு லட்சம் செலவழித்தோம் என்பதும் அப்படித்தான். முதல் நாளே அதை உடைத்துவிட்டு வேறு போடலாம் என்று அவர் மனைவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்.

ஃப்ளாட்டில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் வாங்கியது இரண்டு பொருட்கள்: கட்டடம், அப்புறம் அது நிற்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. இந்தப் பங்கைத்தான் யுடிஎஸ் என்கிறார்கள். நிலம் காலப்போக்கில் ஏறலாம். கட்டடம் வருடா வருடம் தேயும். பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய 900 சதுர அடி ஃப்ளாட்டில் 450 சதுர அடி யுடிஎஸ் இருந்தால் அது ஒரு கதை, 250 தான் இருந்தால் வேறு கதை. “தெருவில் மனை விலை இரண்டு மடங்காச்சே, என் ஃப்ளாட் ஏன் ஆகல?” என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், சொத்து விவரத்தில் இருக்கிறது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

“அஞ்சு லட்சம் கூட வரும், ஒரு வருஷம் பொறுக்கலாம்” என்பது சாதாரணமாகக் கேட்கும் வாதம். சரி, போட்டுப் பார்ப்போம்.

இன்று 80 லட்சம் கேட்கிறார்கள். வீடு காலியாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்த 80-ஐ வாங்கி 6.5 சதவீத வைப்புநிதியில் போட்டால் ஒரு வருடத்தில் 5.2 லட்சம் வட்டி. காலி வீட்டுக்கும் அசோசியேஷனுக்கு மாதம் 3,500 என்றால் வருடத்துக்கு 42,000. சொத்து வரி தனி. ஆக, அடுத்த வருடம் 85.6 லட்சத்துக்கு விற்றால்தான் இன்றைய 80-க்குச் சமம். வட்டிக்கு வரி கட்டுவீர்கள் என்றால் கொஞ்சம் குறையும். ஆனாலும் காத்திருந்து பெற்ற அந்த ஐந்து லட்சத்தில் மிஞ்சுவது சொற்பம். இப்படிக் கையைவிட்டுப் போவதைக் காத்திருப்புச் செலவு எனலாம்.

வீட்டை மாதம் 16,000-க்கு வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு 1.92 லட்சம் வரும், கணக்கு உங்கள் பக்கம் சாயும். வீட்டுக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் எதிர்ப்பக்கம் சாயும். ஒவ்வொருவருக்கும் விடை வேறு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: குடித்தனக்காரர் இருக்கும் வீட்டை வாங்கச் சிலர் தயங்குவார்கள். விற்பனை முடிந்தால் காலி செய்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு, வீடு பார்க்க வருபவர்களுக்கு நேரம் ஒதுக்கவும் அவரிடம் முன்பே பேசிவைப்பது நல்லது.

சுருக்கமாக: விளம்பரத்தில் இருப்பது ஆசை, ஈசியில் இருப்பது நடந்தது, வழிகாட்டி மதிப்பு தரை. காத்திருப்பது இலவசமில்லை. இந்த நான்கையும் வைத்துக்கொண்டுதான் விலையை முடிவு செய்ய வேண்டும்.

முதல் சில வாரங்கள்

மந்தமான சந்தையிலும் தீவிரமாக வீடு தேடும் ஒரு சிறு கூட்டம் எப்போதும் இருக்கும். கல்யாணம், பிள்ளையின் பள்ளி, ஊர் மாற்றம் என்று அவர்களுக்குக் காரணம் உண்டு. புதிதாக வரும் எந்த வீட்டையும் அவர்கள் முதல் சில வாரத்திலேயே பார்த்துவிடுவார்கள். அப்போது உங்கள் விலை உயரத்தில் இருந்தால் அவர்கள் கடந்து போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் இறங்கி வரும்போது அவர்கள் வேறெங்கோ பால் காய்ச்சியிருப்பார்கள். எஞ்சியவர்கள் கேட்பது, “இவ்வளவு நாள் ஏன் போகல? வீட்டுல என்ன குறை?”

அதனால் “முதலில் ஏற்றிச் சொல்வோம், பிறகு குறைக்கலாம்” என்ற உத்தி ஓடுகிற சந்தைக்குத்தான் பொருந்தும். மந்தத்தில் மாதம் ஒரு லட்சமாகக் குறைப்பது இன்னும் மோசம். பார்ப்பவர், “இன்னும் இறங்குவார்” என்று காத்திருப்பார். குறைப்பதென்றால் ஒரே தடவை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. தளங்களில் தேடுபவர்கள் ‘80 லட்சம் வரை’ என்று வடிகட்டித்தான் பார்க்கிறார்கள். 81 என்று போட்ட வீடு அவர்கள் திரையிலேயே வராது.

சுவருக்கு வெள்ளை அடிப்பது, ஒழுகும் குழாயை மாற்றுவது எல்லாம் சரி. பெரிய செலவு வேண்டாம். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு, மழைக்குத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்ற கேள்விகளுக்கு நேரான பதில் வைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இரண்டாவது கேள்வியைக் கேட்காத ஆளைச் சென்னையில் பார்ப்பது அரிது.

காகிதம்தான் வேகம்

முப்பது வீட்டில் இரண்டு எடுக்கப்படும் என்றால், வங்கி வக்கீல் மறுகேள்வி கேட்காத வீடு தானாகவே முன்னால் வரும். உங்கள் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், பட்டா, சொத்து வரி ரசீது, ஈசி: வாங்குபவர் கேட்கும் முன்பே ஒரு நகல் கட்டு தயாராக இருக்க வேண்டும். அசல் ஏதாவது தொலைந்திருந்தால் அதற்கான போலீஸ் சான்று வாங்கவே வாரக்கணக்கில் ஆகும்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் பழைய வீட்டுக் கடன். கடன் வாங்கியபோது பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கு ஓர் ஆவணம் பதிவாகியிருக்கும். கடனைக் கட்டி முடித்து, பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, பீரோவில் வைத்துவிடுகிறோம். ஆனால் ‘கடன் தீர்ந்தது’ என்ற ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டால் ஈசியில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். வாங்குபவரின் வங்கி அதைப் பார்த்ததும் கோப்பை மூடிவைத்துவிடும். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தராத வங்கி, தாமதத்துக்குத் தானே காரணம் என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. ரசீதைப் பதிவு செய்ய நினைவூட்டுவது மட்டும் யார் வேலையும் இல்லை, நீங்கள்தான் போக வேண்டும்.

விற்று வாங்குபவர் என்றால்

இந்த வீட்டை விற்றுப் பெரிய வீடு வாங்கப் போகிறவர்கள் மந்தத்தைக் கண்டு பயப்படுவது எனக்கு விசித்திரமாகத் தோன்றும். எல்லா வீடும் 10 சதவீதம் குறைவாகப் படிகிறது என்றால், உங்கள் 60 லட்சம் வீட்டில் 6 லட்சம் போகும். நீங்கள் வாங்கும் ஒரு கோடி வீட்டில் 10 லட்சம் மிஞ்சும். பெரிய வீட்டை விற்றுச் சின்னதுக்குப் போகும் ஓய்வுபெற்றவருக்கு இதே கணக்கு தலைகீழ்.

நீண்டகால லாபத்தை வேறொரு வீட்டில் போட்டு வரியைத் தவிர்க்க, விற்ற நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. புதிதாகக் கட்டுவதென்றால் மூன்று வருடம். விற்பதற்கு ஒரு வருடம் முன்பே வாங்கியிருந்தாலும் செல்லும். ஆனால் மந்தத்தில் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விற்கலாம் என்று இறங்காதீர்கள். உங்கள் பகுதியின் கையிருப்பு பதினைந்து மாதம் என்றால், இரண்டு வீட்டுக்கும் தவணை கட்டும் பதினைந்து மாதம் அது.